கான்டஸாவும் ஸ்டாண்டர்டு 2000-மும்: ஒரே தப்பு, ரெண்டு தலையெழுத்து

போன ஞாயித்துக்கிழமை நம்ம மெக்கானிக் பாய் பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு யோசனை சொன்னார். "சார், இந்த பெட்ரோல் இஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு டீசல் இஞ்சின் இறக்கிடலாம். பழைய ஜீப்போடது ஒண்ணு கைவசம் இருக்கு. மைலேஜ் அள்ளும்."

பின்னால் நின்னுக்கிட்டிருந்த தங்கமணி உடனே, "ஏங்க, அதுக்குப் பதிலா காரையே கழட்டிப் போட்டுடலாமே" என்றார். எங்க வீட்டில் இந்தக் காருக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

கார் 1997 மாடல் கான்டஸா கிளாசிக், 1.8 பெட்ரோல். டிரான்ஸ்ஃபரில் தாம்பரத்திலிருந்து மைசூருக்கு வந்தவன் நான். 2021-ல் குவெம்புநகரில் ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் நாலு வருஷமாகத் தூங்கிக்கிட்டிருந்ததைப் பார்த்து, ஆணி பிடுங்குகிற நேரம் போக மிச்ச நேரத்துக்கு ஒரு வேலையாச்சே என்று வாங்கிட்டேன். கணக்குப்படி பார்த்தால் இது அபத்தம். வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டால் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எதுவும் மிஞ்சாது. புத்தகத்தில் ஒரு ரூபாய் என்று எழுதி வைக்க வேண்டிய சொத்து. பி.காம் படிச்சவன் செய்கிற காரியமா என்று கேட்டால் பதில் இல்லை. :-)

ஆனால் பாயோட யோசனையைக் கேட்டதும் எனக்குப் பெருங்களத்தூர் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1985-ல் வண்டலூர் மிருகக்காட்சி சாலை திறந்தார்கள். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டும்போது, "இங்கதான்டா ஸ்டாண்டர்டு கார் செய்யறாங்க" என்று ஜன்னல் வழியாகக் கை காட்டினார். திரும்பி வரும்போது ரோட்டில் ஒரு கார் எங்களைத் தாண்டிப் போச்சு. நீளமாக, தாழ்வான மூக்கோடு, பின்பக்கம் சரிந்து, நம்ம ஊர் கார் மாதிரியே இல்லை. "வாங்கினா இந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்" என்றார் அப்பா. கடைசி வரைக்கும் அவர் வாங்கினது ஒரு ஸ்கூட்டர்தான்.

அந்தக் கார்தான் ஸ்டாண்டர்டு 2000.

அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பேச் என்பவர் வடிவமைத்து 1976-ல் வந்தது. ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்துத்தான் அந்த மூக்கை வரைந்தார். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. (சரியாகச் சொன்னால் அது செடானே இல்லை, பின்னால் முழுக் கதவு திறக்கிற ஐந்து கதவு வண்டி. ஆனால் அன்றைக்கு இங்கே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரிய கார், பணக்காரக் கார், அவ்வளவுதான்.) அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இஞ்சின் இருந்தது, ஆறு சிலிண்டர் இருந்தது, கடைசியில் ரெண்டு லிட்டர் நாலு சிலிண்டரும் வந்தது.

நம்ம பெருங்களத்தூர்க்காரர்கள் போட்டது இதில் எதுவும் இல்லை. நாற்பதுகளின் கடைசியில் வந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் இஞ்சினுடைய வழித்தோன்றலைப் போட்டார்கள், 1991 சிசி. அதே இஞ்சின் குடும்பம்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. அதாவது, ஃபெராரி சாயலில் வரைந்த உடம்புக்கு டிராக்டர் வம்சத்து இதயம். நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி சஸ்பென்ஷனையும் தூக்கி வைத்தார்கள். அந்த அழகான உடம்பு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடக்கிற மாதிரி ஆயிட்டுது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். காரில் புதிதாக வரையும்போது பெரிய செலவு உடம்பை அச்சடிக்கிற டைகளும் டூல்களும். பிரிட்டனில் ஒரு மாடல் ஓய்வு பெறும்போது அந்த டூல்கள் மலிவாகக் கிடைக்கும். இஞ்சினுக்கோ நம்ம கிட்ட ஏற்கெனவே மெஷின் இருக்கு, எப்பவோ தேய்மானம் முடிஞ்ச மெஷின். அந்நியச் செலாவணி கிராம் கணக்கில் கிடைத்த காலம் அது. லைசென்ஸ், கோட்டா, இறக்குமதிக்கு ஆயிரம் தடை. அப்போது உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆள் எவராக இருந்தாலும், "புது உடம்பு, பழைய இஞ்சின்" என்றுதான் முடிவு பண்ணியிருப்பார். நானே லோன் அப்ரைசல் போட்டிருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. தாளில் அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இதே கணக்கைத்தான் போட்டது. 1972-ல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸால் விக்டர் எஃப்இ காரின் டூல்களை வாங்கினார்கள். 1984-ல் அது கான்டஸாவாக விற்பனைக்கு வந்தது. உள்ளே? அம்பாசடரின் அதே 1489 சிசி இஞ்சின், ஐம்பது குதிரை சக்தி சுமார். ஒரு டன்னைத் தாண்டின உடம்பை அது இழுத்த இழுப்பு இருக்கே... பார்க்க அமெரிக்க சினிமா கார், ஓட்டினால் அம்பாசடர்.

மூணாவது ஆள் பம்பாயில். பிரீமியர் 118 என்இ. ஃபியட் 124 உடம்பு, ஆனால் அவர்கள் மட்டும் முதலிலேயே புத்திசாலித்தனமாக நிஸ்ஸானின் 1171 சிசி இஞ்சினைப் பேசி வாங்கிவிட்டார்கள். பெயரில் இருக்கிற 'என்' நிஸ்ஸானுக்குத்தான்.

ஆக 84, 85-ல் மூணு கார். மூணுக்கும் ஐரோப்பாவில் பிறந்த உடம்பு. வித்தியாசம் இஞ்சினில் மட்டும்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

ஸ்டாண்டர்டு 2000 1985-ல் வந்து 1988-ல் நின்றுபோனது. பெட்ரோல் குடிக்கிறது, விலை அதிகம், கொடுத்த காசுக்கு ஓட்டம் இல்லை. கார் நின்றது மட்டும் இல்லை, கார் செய்த கம்பெனியே நின்றது. வேன்கார்டு, ஹெரால்டு, கெஜல் என்று நாற்பது வருஷத்துக்குக் கிட்ட மெட்ராஸின் சொந்தக் கார் கம்பெனியாக இருந்தது அது. ஹூண்டாயும் ஃபோர்டும் வருவதற்கு வெகு காலம் முன்பே கார் செய்த ஊர் நம்ம ஊர் என்பது இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

கான்டஸா தப்பித்தது. எண்பதுகளின் பின்பாதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுஸுவோடு கைகோத்து, மத்தியப் பிரதேசத்தில் பீதாம்பூரில் இஞ்சின் தொழிற்சாலை போட்டார்கள். 1817 சிசி பெட்ரோல் இஞ்சின், அதோடு ஐந்து கியர் பெட்டி. பிற்பாடு ரெண்டு லிட்டர் டீசலும் வந்தது. உடம்பு அதேதான், ஆனால் கார் வேறு கார். மந்திரி, டாக்டர், சினிமாக்காரர், எஸ்டேட் ஓனர் என்று எல்லார் வீட்டு வாசலிலும் நின்றது. 1994-ல் எஸ்டீம், 95-ல் சீலோ, 98-ல் ஹோண்டா சிட்டி என்று வரிசையாக வந்து இறங்கியும் 2002 வரைக்கும் தாக்குப் பிடித்தது.

பெருங்களத்தூர் கதை 1988-ல் முடியவில்லை. பூட்டிக் கிடந்த தொழிற்சாலையை 2006-ல் திறந்தபோது, எஸ்டி1 பாகங்கள் பதினெட்டு வருஷமாக உள்ளே கிடந்தன. அதில் பெரும்பகுதியை வாங்கியது யார் தெரியுமா? ரிம்மர் பிரதர்ஸ், இங்கிலாந்தில் பழைய ரோவர் கார்களுக்கு ஸ்பேர் விற்கிறவர்கள். அங்கே எஸ்டி1-ஐ ஆசையாக வைத்துப் பராமரிக்கிறவர்களுக்குப் புதுத் தகடு கிடைக்காமல் திண்டாட்டம். மெட்ராஸ் வெயிலில் செய்த பாகங்கள் கப்பல் ஏறி, பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன. இங்கே யாரும் வாங்காத காரின் உதிரிக்கு அங்கே தேவை இருந்தது! சரக்கு இருப்புக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதின ஆள் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம்.

பழைய காரைப் பராமரிக்கிறது என்றால் இஞ்சின் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது ரப்பர். நாலு வருஷம் நின்ற வண்டியில் இஞ்சின் ரெண்டாவது நாளே உயிர் பெற்றது. பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கதவு பீடிங், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் அப்பளம் மாதிரி உடைந்தது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பாதி, சென்னை புதுப்பேட்டையில் பாதி தேத்தினேன். அதோடு விடுகிறதா? 2025-லிருந்து பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை எத்தனால் ஊற வைத்துவிடும். அதனால் எல்லா ஹோஸும் மறுபடி கழட்டி, எத்தனால் தாங்குகிற விட்டான் ரப்பருக்கு மாத்தினோம். எத்தனாலில் சக்தியும் பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு கம்மி. கார்ப்பரேட்டருக்கு அதெல்லாம் தெரியாது, பழைய அளவிலேயே கொடுத்து இஞ்சினைப் பட்டினி போடும். ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கணும்.

இது மாதிரி எரிபொருள் மாறுகிற கூத்து முன்னாடியும் நடந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது பழைய அம்பாசடர்களுக்கு வால்வு சீட் தேய ஆரம்பித்தது. ஹெட்டைக் கழட்டி, கடினமான சீட் வளையம் போட்டுத்தான் காப்பாத்தினார்கள்.

ஏசி இன்னொரு கதை. அந்தக் காலத்து கேஸ் ஆர்12, ஓசோனை ஓட்டை போடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். 134ஏ கேஸுக்கு மாறணும் என்றால் கேஸை மட்டும் மாத்தினால் போதாது. கம்ப்ரஸர் ஆயில், ஹோஸ், டிரையர் எல்லாம் சேர்த்து மாத்தணும். என் வண்டியில் முன்னால் யாரோ கேஸை மட்டும் மாத்தி வைத்திருந்தார்கள். ஒரே கோடையில் கம்ப்ரஸர் ஜாம். பாதிக் கிணறு தாண்டின அப்கிரேடு.

பாயிடம் நான் இதைத்தான் சொன்னேன். டீசல் இஞ்சின் கனம் கூட, முன் ஸ்பிரிங் உட்காரும், கியர் விகிதம் ஒத்துக்காது, மவுண்டிங் வெல்டு பண்ணணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இஞ்சின் மாத்தினால் ஆர்.சி.யே கேள்விக்குறி. கம்பெனி இசுஸு இஞ்சின் போட்டபோது கியர் பெட்டி உட்படச் சேர்த்துப் பொருத்தினார்கள். நாம செய்யப் போவது மறுபடியும் டிராக்டர் கதை. பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்போ எலெக்ட்ரிக் ஃபேன் போடுவோம், ரேடியேட்டர் காப்பர் கோர் மாத்துவோம். சாமுண்டி பெட்டா ஏறும்போது சூடாகாது" என்றார். அது நியாயம். ஒத்துக்கிட்டேன்.

செலவு சும்மா இல்லை. 2022-ல் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பித்தபோது கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகியிருந்தது. இருபது வருஷம் தாண்டின கார்களுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த தவணை 2027. ஐம்பது வருஷம் ஆனால்தான் விண்டேஜ் என்கிறது அரசு. என் வண்டி அந்தப் பட்டம் வாங்க 2047 ஆகணும். நான் ரிட்டயர் ஆகி வெகு நாள் ஆகியிருக்கும்.

தசராவுக்கு அப்பா வருகிறார். வயசு 78, முழங்கால் தகராறு. போனில் காரைப் பற்றி ரெண்டே கேள்விதான் கேட்டார். "பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாமா?" "ஏசி வேலை செய்யுதா?" முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். ரெண்டாவதுக்கு, "இருபது நாள் இருக்கேப்பா" என்றேன்.

கம்ப்ரஸர் நேத்துதான் வந்தது. டிரையர் இன்னும் வரலை. ஜே.சி. ரோடு கடைக்காரருக்கு நாளைக்குக் காலையில் மறுபடி போன் பண்ணணும்.