உறையும் இரத்தமும் சின்னஞ்சிறு இதயமும்

பால்மரத் தோட்டங்களை அறிந்த நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மங்கில் வடிந்த பாலை நெடுநேரம் விட்டுவைத்தால் அது உறைந்து கட்டிப்பாலாகிவிடும். உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். இரத்தமும் உறையும் தன்மை கொண்டதே. காயம்பட்டால் அவ்வுறைவு நம்மைக் காக்கிறது. இதய அறுவை முடிந்த குழந்தையின் இரத்தக் குழாய்க்குள் உறைந்தாலோ, அது உயிருக்கே உலை வைக்கிறது. இதனை மருத்துவர்கள் எதிர்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

1944 நவம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், பிறவி இதயக் கோளாற்றால் உடல் நீலம் பூத்த 15 மாதக் குழந்தைக்கு மருத்துவர் ஆல்பிரட் பிளாலாக் அறுவை செய்தார். கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார். இதற்கு வழிவகுத்தவர்கள் மருத்துவர் ஹெலன் டாசிக்கும், ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸும் ஆவர். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும், அவ்வழியில் பல குழந்தைகள் பிழைத்தனர்.

புதிய வழி திறந்தாயிற்று. அது அடைபடாமல் காப்பது எப்படி? பிற்காலத்தில் பொருத்தப்பட்ட செயற்கைக் குழாயின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான்! சிறு உறைவே அதனை அடைத்துவிடும்.

இதற்கு உதவிய மருந்தும் அதே நகரில் பிறந்ததே. 1916இல் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடினார். கிடைத்ததோ, நாயின் ஈரலிலிருந்து உறைவைத் தடுக்கும் பொருள்! அதுவே ஹெப்பாரின் ஆயிற்று. 1930களில் கனடாவின் டொரோண்டோ நகரில் அதனைத் தூய்மைப்படுத்தி மனிதருக்குக் கொடுத்தனர்.

மருந்து கிடைத்தும் அளவு புலப்படவில்லை. கூடினால் மூளையிலும் இரத்தம் கசியலாம். குறைந்தால் குழாய் அடைபடும். உண்டான உறைவைக் கரைக்கும் மருந்துகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பெரியவர்களின் அளவை எடைக்கேற்பக் குறைத்தால் போதாதா? போதாது. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் உறைவுக்குரிய பொருள்கள் பல, பெரியவரின் அளவில் இல்லை என்பதைக் கனடிய மருத்துவர் மொரீன் ஆண்ட்ரூவும் குழுவினரும் 1987இல் விளக்கினர்.

1968இல் பிரான்சின் பிரான்சிஸ் ஃபோன்டான் தொடங்கிய அறுவையில், உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் உந்துதலின்றியே நுரையீரலை அடைகிறது. மெல்ல ஓடும் இரத்தம் எளிதில் உறையும். அவ்வறுவை முடிந்த 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, உறைவைத் தடுக்கும் ரிவராக்சபான் என்னும் மருந்தை 2021இல் அமெரிக்கா அனுமதித்தது. வாயால் உட்கொள்ளும் நீர்ம மருந்தாகவும் அது கிடைக்கிறது.

நேயர்களே, அறுவை முடிந்தவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த வேளையில் கொடுப்பது பெற்றோர் கடமை. குழந்தை சிறிய உருவிலுள்ள பெரியவர் அன்று என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.