தோட்டாவில் தடவிய கொழுப்பு

1857ஆம் ஆண்டு வட இந்தியாவில் நிகழ்ந்த சிப்பாய்களின் எழுச்சியைப் பாடசாலையில் படித்த எவருக்கும் கொழுப்புத் தடவிய தோட்டா நினைவிருக்கும். பசுவினதும் பன்றியினதும் கொழுப்புப் பூசப்பட்ட தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னதால் இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒன்றாகக் கிளர்ந்தனர் என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. இத்தனை அற்பமான ஒரு காரணத்துக்காகவா ஒரு பேரரசு ஆட்டம் கண்டது என்று அந்த வரியைப் படித்து வியப்போரும் உளர். மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உளர். ஆனால் அந்தத் தோட்டா எவ்வாறு செய்யப்பட்டது, அதில் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது, அது பற்றி யார் யாரிடம் என்ன கேட்டனர் என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குவோமாயின் அது அற்பக் காரணமாகத் தோன்றாது.

கம்பனிச் சிப்பாய் நீண்ட காலமாகத் தோளில் சுமந்தது 'பிரவுண் பெஸ்' என்று அழைக்கப்பட்ட துவக்கையாகும். அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. 0.75 அங்குல விட்டமுள்ள அக்குழலினுள் அதைவிடச் சிறிய ஈய உருண்டை தளர்வாகச் சென்றது. எனவே ஏற்றுவது சுலபம். குறி வாய்ப்பதுதான் அரிது. நூறு யாருக்கு அப்பால் நிற்கும் தனி மனிதனைச் சுட்டு வீழ்த்துவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. குழலின் உள்ளே சுருள் வரிகளை வெட்டினால் சன்னம் சுழன்று நேராகச் செல்லும் என்பதை ஐரோப்பியர் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் அவ்வரிகளைப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமான சன்னத்தைக் குழலின் வாய் வழியாக இடித்து இறக்குவது போர்க்களத்துக்கு ஒவ்வாத மெதுவான வேலையாக இருந்தது. இச்சிக்கலை 1849ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படையின் கப்டன் மினியே தீர்த்தார். அவரது சன்னம் குழலைவிடச் சற்றுச் சிறியது; அடிப்பாகத்தில் குழிவுடையது. வெடியின் அழுத்தத்தில் அடிப்பாகம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். அந்த வழியில் பிரித்தானியர் உருவாக்கியதே 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிள். அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம், உள்ளே மூன்று வரிகள். அதன் குறிகாட்டியில் 900 யார் வரை, அதாவது ஏறக்குறைய 820 மீற்றர் வரை, அளவு பொறிக்கப்பட்டிருந்தது.

இத்தகைய தூரத்தை எட்டுவதற்குத் தோட்டாவும் அதே நுணுக்கத்துடன் அமைய வேண்டியிருந்தது. சன்னத்தின் விட்டம் 0.568 அங்குலம், நிறை 530 கிறெய்ன். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெய்ன் என்பது கணக்கு. மருந்தின் அளவு 68 கிறெய்ன், நாலரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவு. உருளைத் தடியொன்றில் கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்குவர். ஒரு பக்கத்தில் சன்னத்தை அதன் கூர்முனை உள்நோக்கியிருக்குமாறு வைத்து, மறுபக்கம் மருந்தை அளந்து கொட்டி, முனையை முறுக்கி மூடுவர். இறுதியாகச் சன்னம் இருக்கும் முனையை உருக்கிய கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவையில் தோய்த்தெடுப்பர். கல்கத்தாவின் வில்லியம் கோட்டையிலும் டம்டமிலும் மீரட்டிலும் இந்த வேலை நடைபெற்றது.

கொழுப்புக்குக் காரணம் இருந்தது. கடதாசி சுற்றிய சன்னம் வரிகளுள்ள குழலினுள் வழுக்கி இறங்க வேண்டும். கரிமருந்து எரிந்து விட்டுச்செல்லும் புகைக்கரி இறுகாமல் இளகியிருக்கவும் வேண்டும். எண்ணெய்ப் பசையின்றிப் பல தடவை சுட்டால் அடுத்த சன்னம் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஒரு கையில் துவக்கு இருப்பதால் தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துத் திறப்பதே அன்றைய பயிற்சி முறை. கடிக்கும் முனை மருந்துப் பக்கம், கொழுப்புப் பூசிய முனை சன்னப் பக்கம் என்பது உண்மைதான். ஆயினும் கட்டாகக் கட்டிப் பையில் சுமக்கப்படும் தோட்டாக்களில், இந்தியக் கோடை வெப்பத்தில், உருகும் கொழுப்பு எந்த முனையில் நிற்கும் என்று எவர் சொல்ல முடியும்?

நெடுந்தூர இலக்கைக் குறிவைத்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோர் இன்று பல நாடுகளில் உளர். தமக்கென்றே செய்வித்த றைபிளுக்குக் கடைத் தோட்டாவை நம்பாமல் அவர்களில் பலர் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். பித்தளைக் கோது, வெடிமூட்டி, மருந்து, சன்னம் ஆகிய நான்கையும் தனித்தனியே தெரிந்து, மருந்தைக் கிறெய்னின் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் பார்க்கின்றனர். தன் தோட்டாவினுள் என்ன இருக்கிறது என்பதைத் தானே அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்தச் சிரமத்தின் அடிப்படை. 1857இன் சிப்பாயும் ஏறக்குறைய அதைத்தான் கேட்டான். ஆனால் அவன் கேட்டது குறி தவறாமைக்காக அன்று, ஈமானுக்காகவும் சாதி ஆசாரத்துக்காகவும்.

கம்பனி அதிகாரிகள் இதை அறியாதிருக்கவில்லை. 1853இல் இங்கிலாந்திலிருந்து பரீட்சார்த்தமாக இத்தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்திய வெப்பத்தில் கொழுப்பு எவ்வாறு தாக்குப்பிடிக்கும் என்பதை அறிவதே நோக்கம். வங்காளப் படையின் உயர் நிர்வாக அதிகாரியாக இருந்த கேணல் டக்கர் அவ்வாண்டு டிசம்பரிலேயே எச்சரித்தார்: பூசப்பட்ட கொழுப்பு சிப்பாய்களின் மதத்துக்கோ சாதிக்கோ ஊறு செய்யாதது என்று உறுதியாகத் தெரியாதவரை அவற்றைச் சுதேசப் படைகளுக்கு வழங்கலாகாது என்பதே அவர் கருத்து. அது கோப்புகளுள் கிடந்தது. பரீட்சைக்காக வந்த தோட்டாக்களைச் சிப்பாய்களே பைகளில் சுமந்தனர். வெப்பம் கொழுப்பை என்ன செய்தது என்று அறிக்கை எழுதப்பட்டது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்பதை எவரும் எழுதவில்லை. இந்தியாவில் தோட்டா தயாரிக்கத் தொடங்கியபோதும், வாங்கப்படும் கொழுப்பு எம்மிருகத்தினது எனப் பரிசோதிக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்பது பின்னர் அதிகாரிகளின் வாக்குமூலங்களிலேயே வெளிப்பட்டது. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தவர்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டனர்.

1857 ஜனவரியில் டம்டமில், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த கலாசி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் செம்பில் நீர் கேட்டான். சிப்பாய் மறுக்கவே, பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கும்போது உன் சாதி எங்கே போகும் என்ற கருத்தில் அவன் திருப்பிக் கேட்டதாகச் சம்பவம் கூறப்படுகிறது. செய்தி பாளையத்துக்குப் பாளையம் பரவியது. ஜனவரி இறுதியில் அரசு இறங்கிவந்தது. தோட்டாக்களைக் கொழுப்பின்றி வழங்கலாம், சிப்பாய்கள் கடையில் வாங்கிய பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. அதற்குள் சந்தேகம் கடதாசிக்குத் தாவிவிட்டது. அதன் பளபளப்பில் கொழுப்பு இருப்பதாகப் பராக்பூர்ச் சிப்பாய்கள் பெப்ரவரி விசாரணையில் கூறினர். மார்ச்சில் கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையே மாற்றப்பட்டது.

இந்த இறுதிச் சலுகையை முஸ்லிம் சிப்பாயின் கண்ணால் நோக்குதல் வேண்டும். அவனுக்குப் பன்றிக் கொழுப்பு உண்ண ஹராமானது மட்டுமன்று, அதுவே நஜீஸ். கையிலோ உடையிலோ அது பட்டால் கழுவித் தூய்மை செய்யாமல் தொழுகை நிறைவேறாது. பசுக் கொழுப்பும்கூட, முறைப்படி அறுக்கப்படாத பிராணியினது என்றால் செத்த பிராணியின் கொழுப்பேயாகும். எனவே வாயிலிருந்து கைக்கு மாற்றியது அவன் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. அவனுடைய மார்க்கத்தை அறிந்த ஒருவரிடம் முன்கூட்டியே வினவியிருந்தால் இதை ஒரு நாளில் அறிந்திருக்கலாம். தேன்மெழுகையும் தாவர எண்ணெயையும் கலந்து பூசும் யோசனை தொடக்கத்திலேயே வந்திருக்கவும் கூடும். நம்பிக்கை இருந்தபோது சொல்ல வேண்டிய பதிலை, நம்பிக்கை போன பின்னர் சொன்னார்கள். அப்போது ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் பழைய குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே சிப்பாய்க்குப் பட்டது.

மார்ச் 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே துவக்கை உயர்த்தினார். ஏப்ரல் 8இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24இல் மீரட்டின் 3ஆம் இலகு குதிரைப் படையில் 90 பேரை அணிவகுக்கச் செய்து தோட்டாக்களை வழங்கினர். 85 பேர் வாங்க மறுத்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். அன்று நீட்டப்பட்டவை புதிய தோட்டாக்களல்ல, அவர்கள் முன்னர் பயன்படுத்திய பழைய வகையே. ஆயினும் ஒருவன் தொட்டால் படை முழுவதும் அவனை விலக்கிவிடும் என்ற நிலை வந்திருந்தது. அவர்களுட் பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மே 9இல் சக படையினரின் முன்னிலையில் அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை மீரட் எரிந்தது. மே 11 காலை சிப்பாய்கள் டில்லியில் பகதூர்ஷாவின் அரண்மனை வாசலில் நின்றனர்.

கிளர்ந்தெழுந்தோரில் மிகப் பெரும்பாலோர் என்பீல்ட் றைபிளைக் கையில் எடுத்தவர்களே அல்லர். பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட சிலருக்கே அது கிடைத்திருந்தது. ஏனையோர் பழைய துவக்குகளுடனேயே போரிட்டனர். ஜூலை 12இல் பதேபூரில் ஹவ்லொக்கின் படை அவர்களை எதிர்கொண்டபோது, தமது துவக்கு எட்டாத தொலைவிலிருந்தே சன்னங்கள் வந்து விழுந்தன. எந்தத் தோட்டாவை மறுத்தார்களோ அதனாலேயே அவர்கள் வீழ்ந்தனர். இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் இங்கிருந்த ஐரோப்பியத் துருப்புகளை உடனே வங்காளத்துக்கு அனுப்பினார். 37ஆம் படைப்பிரிவு அவ்வாறு கல்கத்தா சென்றதே. மலாய் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றிய இலங்கை றைபிள் படையைக் கொண்டிருந்த நமது தீவும் இவ்வகையில் அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறது.

தோட்டா ஒன்றே காரணமன்று என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. 1856இல் அவத் இணைக்கப்பட்டமை, அதே ஆண்டு கடல்கடந்து செல்லவும் கட்டாயப்படுத்திய படைச் சட்டம், நிலவரிக் கொடுமை எனப் பல இருந்தன. அக்காலத்தில் அரசுப் பணியிலிருந்த சேர் செய்யித் அஹ்மத் கான் எழுச்சியின் காரணங்களை ஆராய்ந்து உருதுவில் எழுதிய நூலில், சட்டம் செய்யும் சபையில் இந்தியர் எவரும் இல்லாமையை முதன்மைக் காரணமாக வைத்தார். ஆளப்படுவோரின் மனம் ஆள்வோருக்கு எட்டாத நிலையே மூலம் என்பது அவர் வாதம். கொழுப்புத் தடவிய தோட்டா அந்த வாதத்துக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி எனலாம்.

1866இலிருந்து என்பீல்ட் றைபிள்கள் பின்புறம் ஏற்றும் ஸ்னைடர் முறைக்கு மாற்றப்பட்டன. உலோகம் சேர்ந்த புதிய தோட்டா வந்தது. கடித்தலும் கிழித்தலும் ஒழிந்தன. தொழில்நுட்பத்துக்கு அது பத்தாண்டு வேலை. ஆனால் தான் வாயில் வைப்பது எது, கையில் தொடுவது எது என்று ஒரு மனிதன் கேட்பதை மதிக்கும் பண்பு அத்தனை விரைவில் வரவில்லை. 2013இல் ஹலால் இலச்சினை பற்றி நமது நாட்டில் சர்ச்சை எழுந்தபோது, இதுவும் ஒரு பிரச்சினையா என்று கேட்ட குரல்களை நாம் மறந்துவிடவில்லை. கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அதைக் கேட்பவனுக்கு அது சிறியதன்று என்பதைப் புரிந்துகொள்ளாதோர் கொடுத்த விலையை மீரட்டும் டில்லியும் சொல்லும்.