விழுந்தவர்கள் நின்ற வாசல்

கி.பி. 249-ஆம் ஆண்டில் ரோம சாம்ராஜ்யத்தின் அரியணை ஏறிய தேசியு சக்கரவர்த்தி, எல்லைகளில் பகைவரும் உள்ளே குழப்பமும் மிகுந்திருந்த அந்நாளில், தேவர்களின் அநுக்கிரகத்தை மீட்டுக்கொள்வதே ராஜ்யத்தை நிலைநிறுத்தும் வழியென்று கருதி, பிரஜைகள் அனைவரும் பலியிட்டு, பானபலி வார்த்து, பலியுணவைச் சுவைத்து, அவ்வாறு செய்தமைக்கு அதிகாரிகள் கையொப்பமிட்ட சான்றுப் பத்திரம் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். அத்தகைய பத்திரங்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலிலிருந்து பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தி பெற்ற பத்திரமும் அவற்றுள் ஒன்று. அவளுக்கு அது வெறும் சம்பிரதாயம். கிறிஸ்தவர்களுக்கோ, ஞானஸ்நானத்தில் செய்த பிரதிக்கினையை முறிக்கும் செயல். தபசு காலத்தின் சரித்திரத்தைப் பாலைவன முனிவர்களின் உபவாசத்திலிருந்தும் தொடங்கலாம், ஞானஸ்நானம் பெறவிருந்தோரின் ஆயத்தத்திலிருந்தும் தொடங்கலாம். ஆயினும் விழுந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வியே அந்த நாற்பது நாட்களுக்கு உயிர்நாடியாய் அமைந்தது என்று நான் நம்புவதால், இந்தப் பத்திரங்களிலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்பிரிக்கக் கரையின் பெருநகராகிய கார்த்தேஜில் நடந்ததை, அந்நகரின் மேற்றிராணியாரான புனித சிப்ரியான் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். யாரும் பிடித்து இழுத்துச் செல்வதற்கு முன்பே விசுவாசிகள் கூட்டங்கூட்டமாய்க் கோவில் மேட்டுக்கு விரைந்தார்கள்; பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், அன்றே தங்களை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடியவர்கள் உண்டு. சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் இட்டார்கள், வேறு சிலர், பலிபீடத்தை அணுகாமலே பணம் கொடுத்துப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, தங்கள் கைகள் சுத்தமாயிருக்கின்றன என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். நீண்ட அமைதியில் சபை தூங்கிப்போனதும், உலக ஆஸ்தி கால்விலங்காய் மாறியதுமே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பது சிப்ரியானின் தீர்ப்பு.

அத்தீர்ப்பை எழுதியவர் தாமும் அக்காலத்தில் நகரைவிட்டு மறைந்திருந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயரில்லாமல் இருந்த ரோம சபையின் குருமார், மந்தையை விட்டோடும் கூலிக்கார மேய்ப்பனைப் பற்றிய வேதவாக்கியத்தை நினைவூட்டிக் கார்த்தேஜுக்கு எழுதிய கடிதம் அவர் கைக்கும் வந்து சேர்ந்தது. அதன் தொனியைக் கண்டு திகைத்த அவர், இது மெய்யாகவே உங்களுடையதுதானா என்று கேட்டு அதைத் திருப்பியனுப்பினார். தாம் விலகியிருந்தது சபையின் நன்மைக்காகவே என்று பின்னர் அவர் விரிவாக விளக்கினார். அந்த விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் வாளுக்குக் கழுத்தை நீட்டியது, அவரிடம் பயம் இருந்ததில்லை என்பதற்குப் போதிய சாட்சி. ஆயினும் சந்தேகத்தின் நிழலில் சில காலம் வாழ்ந்தவர் என்பதனாலேயே, விழுந்தவர்களைப் பற்றிய அவருடைய பேச்சில் கண்டிப்பும் கண்ணீரும் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

கலாபனை தணிந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள். சிறையில் வாடிய விசுவாச வீரர்கள் அவர்களுக்குச் சமாதானச் சீட்டுகளை வாரி வழங்கினார்கள். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று எழுதப்பட்ட ஒரு சீட்டின் துணையில் இருபது முப்பது பேர் உட்புகக்கூடும் என்று சிப்ரியான் வருந்தினார். எதிர்க்கோடியில், மறுதலித்தவர்களுக்கு மன்னிப்பளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லையென்று சாதித்த நோவாசியன், கொர்னேலியு பாப்பரசருக்குப் போட்டியாய் ரோமில் 251-ஆம் ஆண்டில் தனிச் சபை கண்டார். தம் ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த இராயப்பரின் பெயரால் நிலைபெற்ற நகரில் இவ்வாதம் எழுந்தது எத்தகைய முரண்! அவ்வாண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழி ஒன்றை வகுத்தார்கள்: பத்திரம் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலியிட்டவர்கள் பிராயச்சித்தத்தில் நிலைத்திருந்தால், மரணத் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் அளிப்பது. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் கலாபனை வருமென்ற அச்சம் எழவே, பிராயச்சித்தத்தில் இருந்த அனைவரையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். போருக்கு அனுப்பப்படுகிறவர்களை ஆண்டவரின் பாத்திரமில்லாமல் அனுப்பலாகாது என்பதே அவர்கள் கூறிய நியாயம். முதலில் விதித்ததை இவ்வளவு விரைவில் மாற்றிக்கொண்ட அந்த ஆயர்களின் பணிவை நான் பெரிதும் போற்றுகிறேன்.

இவ்வாறு பிறந்த ஒழுங்கு அடுத்த நூற்றாண்டுகளில் வளர்ந்தது. 325-ஆம் ஆண்டின் நிசேயா சங்கம், பலவந்தமின்றியே மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பிராயச்சித்தம் விதித்தது; ஆனால் சாகக் கிடப்பவனுக்குத் திவ்விய நற்கருணையை மறுக்கலாகாதென்றும் அதே சங்கம் கட்டளையிட்டது. சின்ன ஆசியாவில் பிராயச்சித்தக்காரர் முதலில் கோவில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே செல்வோரிடம் தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி அழுது கெஞ்சினர். ரோம நகரின் வழக்கத்தை ஐந்தாம் நூற்றாண்டுச் சரித்திரக்காரரான சோசோமென் விவரித்திருக்கிறார்: வழிபாடு முடிந்ததும் பிராயச்சித்தக்காரர் புலம்பித் தரையில் விழுவர், மேற்றிராணியார் எதிரே ஓடிவந்து, கண்ணீரோடு தாமும் தரையில் விழுவார், சபை முழுவதும் அழும், பிறகு அவர் முதலில் எழுந்து, விழுந்துகிடப்பவர்களை எழுப்புவார். புருஷனை விலக்கி மறுமணம் செய்த பாபியோலா என்ற பிரபு குலத்துச் சீமாட்டி, பாஸ்குத் திருவிழாவுக்கு முன் விரிந்த தலையோடு லாத்தரன் ஆலயத்துப் பிராயச்சித்தக்காரரின் வரிசையில் நின்றதையும், ரோமே அவளோடு அழுததையும், பின்னர் அவள் தன் சொத்தை விற்று நோயாளிகளுக்கு விடுதி அமைத்ததையும் புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். பெரிய வியாழனன்று பிராயச்சித்தக்காரருக்கு மன்னிப்பளிப்பதே ரோம வழக்கமென்று முதலாம் இன்னோசெந்து பாப்பரசர் 416-ஆம் ஆண்டில் எழுதினார். உபவாச நாட்கள் அந்த வியாழனை நோக்கிச் செல்லும் பாதையாயின.

இவ்வொழுங்கில் பெருங்குறை ஒன்று இருந்தது. இப்பிராயச்சித்தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ஆதலால் மக்கள் அதை மரணப்படுக்கைக்கென்று தள்ளிவைத்தார்கள். அயர்லாந்து நாட்டுத் துறவிகள் மறைவாகவும் மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் வழக்கத்தைக் கடல் கடந்து கொண்டுவந்து பரப்பினார்கள். பாவி கேட்கும்போதெல்லாம் மன்னிப்பளிப்பதை 589-ஆம் ஆண்டின் தொலேதோ சங்கம் அக்கிரமமென்று கண்டித்தது. 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கமோ, விசுவாசிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று சட்டமாக்கியது. கண்டிக்கப்பட்டதே கடமையாவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அதற்கிடையில் வாசலில் நின்றவர்களின் தனி வரிசை மெல்ல மறைந்துகொண்டிருந்தது. அவர்களுக்குரியதாயிருந்த சாம்பல், பத்தாம் பதினோராம் நூற்றாண்டுகளில், பகிரங்கப் பாவம் எதுவும் செய்யாதவர்களின் தலைகளிலும் விழத் தொடங்கிற்று. 1091-ஆம் ஆண்டில் பெனவென்தோ நகரில் கூடிய சங்கத்தில் இரண்டாம் உர்பான் பாப்பரசர், தபசு கால ஆரம்பத்துப் புதன்கிழமையில் குருக்களும் பொதுமக்களும், ஆடவரும் பெண்டிரும், ஒருவர் விடாமல் சாம்பலை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று விதித்தார். விபூதிப் புதனென்று நம் பாட்டிமார் சொல்லிவந்த அந்த நாளில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவே தம் தலையை இன்னொரு குருவின் முன் தாழ்த்தி அதை வாங்கிக்கொள்கிறார்.