இருபத்தைந்து மில்லி ஆம்பியர்

செயல்பாட்டுப் பெருக்கி என்று நம் பாடநூல்கள் வழங்கும் மின்சுற்றுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ‘செயல்’ என்பது இங்கே கணிதச் செயலைக் குறிக்கும்: கூட்டல், கழித்தல், தொகையிடல், வகையிடல். எண்களுக்குப் பதிலாக மின்னழுத்தங்களைக் கொண்டு இக்கணக்குகளைச் செய்யப் பிறந்த கருவி அது. கணக்கிடப் பிறந்ததனாலேயே பளு சுமக்கும் வலு அதற்கு வாய்க்கவில்லை. விடையைச் சொல்லும், அவ்விடையைக் கொண்டு ஒரு மோட்டாரைச் சுழற்றச் சொன்னால் கைவிரித்துவிடும். இக்குறையைத் தீர்க்கப் பொறியாளர்கள் பட்ட பாட்டையே இங்குக் காண முனைகிறோம்.

கதை போரில் தொடங்குகிறது. 1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிட் பார்க்கின்சன் என்ற இளம் பொறியாளர் ஒரு கனவு கண்டார். பதிவுக் கருவியொன்றின் பேனாவை நகர்த்தும் மின்தடை அமைப்பே அந்நாளில் அவருடைய பணி. கனவிலோ அவ்வமைப்பு விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றில் பொருத்தப்பட்டிருந்தது. பீரங்கி சுடும்தோறும் ஒரு விமானம் வீழ்ந்தது. கனவுக்குப் பலன் உரைக்கும் மரபில் வந்த நமக்கு இக்கனவு வியப்பன்று. மேலதிகாரிகள் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்களே, அதுதான் வியப்பு! அக்கனவிலிருந்து கிளைத்தது எம்9 என்னும் பீரங்கி நெறிப்படுத்தி. அப்பணியின் பயனாகக் கார்ல் ஸ்வார்ட்செல் வடிவமைத்த, மூன்று வெற்றிடக் குழல்கள் கொண்ட பெருக்கிக்கு 1941 மே மாதம் காப்புரிமை கோரப்பட்டது. 1944இல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் தென் இங்கிலாந்தை நோக்கி வந்தபோது ரேடாரும், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டும், எம்9 கருவியும் ஒன்று சேர்ந்து அவற்றுள் பலவற்றை வானிலேயே அழித்தன. அங்கும் பெருக்கியின் வேலை கணக்கு மட்டுமே. பீரங்கியைத் திருப்பும் பளு வேறு எந்திரங்களுடையது.

1947இல் ராகசினியும் அவர்தம் தோழர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இக்கருவிக்கு இன்றைய பெயரைச் சூட்டியது. 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ 300 வோல்ட் ஊட்டத்தில் இயங்கியும் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியரையே ஈந்தது.

பின்னர் சில்லுகளின் காலம். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் 1965இல் 709ஐ உருவாக்கினார். 1968இல் டேவ் ஃபுல்லகரின் 741 வந்தது. எதற்கும் பயன்படும் பெருக்கி என்றால் இன்றும் மாணவர் நாவில் முதலில் வருவது 741தான். அதன் மின்னோட்ட எல்லை ஏறத்தாழ 25 மில்லி ஆம்பியர். இவ்வெண் எங்கிருந்து வந்தது? வெளியீட்டுப் பாதையில் சுமார் 25 ஓம் மின்தடையாக்கி ஒன்று நிற்கிறது. அதன் குறுக்கே 0.6 வோல்ட் எழுந்தவுடன் காவல் டிரான்சிஸ்டர் ஒன்று விழித்து, முதன்மை டிரான்சிஸ்டருக்குச் செல்லும் ஊட்டத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். 0.6ஐ 25ஆல் வகுத்துப் பார்க்கலாம். இக்காவல் கஞ்சத்தனமன்று. 15 வோல்ட் ஊட்டத்தில் வெளியீடு தரையோடு இணைந்துவிட்டால் 25 மில்லி ஆம்பியருக்குச் சில்லில் எழும் வெப்பம் 0.375 வாட், அச்சிறு கூடு அதைத் தாங்கும். ஓர் ஆம்பியரை அனுமதித்திருந்தால் 15 வாட், சில்லு கருகியிருக்கும். ஆனால் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 10 வோல்ட் தர 1.25 ஆம்பியர் வேண்டும், அதாவது ஐம்பது மடங்கு!

எளிய வழி, வெளியே இரு பெரிய டிரான்சிஸ்டர்களைத் துணைக்கு வைப்பது. ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். சிக்கல் யாதெனில், ஒவ்வொன்றும் 0.6 வோல்ட் பெறும்வரை உறங்கும். ஒன்று உறங்கி மற்றது விழிக்கும் இடைவெளியில் ஒலி சிதையும். இதற்கான மருந்து முன்பே கிடைத்திருந்தது. 1927 ஆகஸ்டில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது ஹரோல்டு பிளாக் நாளிதழின் தாளொன்றில் குறித்துக்கொண்ட எதிர்ப் பின்னூட்டமே அது. டிரான்சிஸ்டர்களின் வெளியீட்டிலிருந்து பின்னூட்டத்தை எடுத்தால், அவற்றின் பிழையையும் பெருக்கியே திருத்திவிடும். ஆயினும் திருத்தக் காலம் வேண்டும். 741 ஒரு மைக்ரோ விநாடியில் அரை வோல்ட்டே நகரும், 1.2 வோல்ட் இடைவெளியைத் தாண்ட 2.4 மைக்ரோ விநாடி ஆகும். பேச்சொலிக்குப் போதும், உயர் அதிர்வெண்ணுக்குப் போதாது. ஆகவே டிரான்சிஸ்டர்களை அரை விழிப்பில் வைக்க இரு டயோடுகளைச் சேர்ப்பர். அவற்றையும் வெப்பம் தணிக்கும் அதே உலோகத் தகட்டில் ஒட்டவைக்க வேண்டும். இல்லையேல் சூடேறிய டிரான்சிஸ்டர் மேலும் மின்னோட்டம் இழுத்து, மேலும் சூடேறித் தன்னையே எரித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடைக்க முனைந்தால் இடர் இன்னும் நுட்பமானது. டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு அழுத்தம் பாகை ஒன்றுக்கு 2 மில்லிவோல்ட் அளவில் மாறும். உள்ளீட்டு இணையின் இரு டிரான்சிஸ்டர்களுக்கிடையே பாகையில் நூறில் ஒரு பங்கு வேறுபாடு என்றால் 20 மைக்ரோவோல்ட். பெருக்கம் இரண்டு லட்சமெனில் வெளியீட்டில் அது 4 வோல்ட்! கையின் சூடு மூளையைக் கலக்குகிறது என்போம். வெப்பம் எழும் இடத்திலிருந்து இணையின் இரு உறுப்புகளையும் சமதொலைவில் அமைப்பதே சிற்பிகள் கண்ட வழி. இத்தொழிலில் வரைபடத்தைவிட மனையடி சாஸ்திரம் முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இம்முயற்சியின் உச்சத்தையும் தொட்டவர் அதே விட்லர்தான். நேஷனல் செமிகண்டக்டருக்காக அவர் உருவாக்கிய எல்எம்12, 30 வோல்ட் ஊட்டத்தில் இருபுறமும் 10 ஆம்பியர் வரை தந்தது. மினியோ யாமடாகேவுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1988இல் வெளிவந்தது. நிலையான மின்னோட்ட எல்லையை மட்டும் நம்பாமல், ஆற்றல் டிரான்சிஸ்டரின் உச்ச வெப்பநிலையையே உணர்ந்து அது தன்னைக் காத்துக்கொண்டது. அதனால் கணநேரத்துக்கு 800 வாட் வரை வெப்பத்தைத் தாங்கி, சிறு மோட்டார்களையும் நேரடியாக ஓட்டியது. எம்மதிப்பில் 709ஐவிட இதுவே அவருடைய பெரிய சாதனை. விட்லர் 1991 பிப்ரவரியில் மெக்சிகோவில் ஓட்டப் பயிற்சியின்போது காலமானார். அவருக்கு வயது 53. எல்எம்12இன் உற்பத்தியும் பின்னாளில் நின்றுபோயிற்று. 741 இன்றும் கடைகளில் கிடைக்கிறது.