‘முழுநாள்’ என்னும் உரிமை: வார விடுமுறைச் சட்ட வரலாறும் திருவண்ணாமலைக் கடைத்தெருவும்

ஆய்வுச் சுருக்கம்

வார விடுமுறை நாளில் பணிக்கூட்டத்திற்கு வருமாறு ஊழியரை அழைப்பது கடைகளிலும் உணவகங்களிலும் இன்று காணப்படும் வழக்கமாகும். ஒரு மணி நேரக் கூட்டம் விடுமுறையைக் குலைக்குமா என்னும் வினாவை, 1890 முதல் 2019 வரையிலான சட்ட வரலாற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. கடையடைப்பு என்னும் காப்பு தளர்ந்தபின், ஊழியரின் விடுமுறை ‘முழுநாள்’ என்னும் ஒரு சொல்லையே சார்ந்து நிற்கிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வார விடுமுறை, கடைகள் நிறுவனங்கள் சட்டம், சுழற்சி விடுமுறை, பௌர்ணமி, திருவண்ணாமலை

1. விடுமுறை நாளில் அழைப்பு

விடுமுறை நாளில் வேலைக்கு அழைப்பது புதிய சிக்கல் அன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில், ஆலை ஓடாத நாளிலும் இயந்திரத் துப்புரவுக்குத் தொழிலாளரை அழைக்கும் வழக்கம் இருந்தது. நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் வார விடுமுறைக்கான கிளர்ச்சி வலுப்பெற்றது. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1881 ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர்க்கு மட்டும் மாதம் நான்கு விடுமுறை நாள்களை வழங்கியிருக்க, 1891 ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை ஆலைத் தொழிலாளர் அனைவர்க்கும் உரியதாக்கியது. எனினும் கடை ஊழியர் இவ்வரம்பிற்குள் வரவில்லை.

2. பூட்டிய கடை

கடை, உணவகம், திரையரங்கு ஆகியவற்றின் ஊழியரைக் கருத்திற்கொண்டு 1942 இல் வார விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அது இரு கடமைகளைத் தனித்தனியே விதித்தது. கடை வாரத்தில் ஒருநாள் அடைக்கப்பட வேண்டும். ஊழியர்க்கு வாரந்தோறும் ஒரு முழுநாள் விடுமுறை அளிக்கப்பட வேண்டும். அடைக்கும் நாளைக் கடையில் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்திற்கு ஒருமுறைக்கு மேல் அந்நாளை மாற்றலாகாது என்றும் அது வரையறுத்தது. 1947 ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது.

1948 ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. கடை அடைத்திருக்கும் நாளில், கடைக்கோ வேறு எவ்விடத்திற்கோ, அத்தொழில் தொடர்பான எவ்வேலைக்கும் ஊழியரை அழைப்பது சட்டத்திற்கு மாறானது என அது வெளிப்படையாகக் கூறியது. வேலை வாங்குவது மட்டுமன்றி அழைப்பதே குற்றம் என்னும் தெளிவு இங்கே கிடைக்கிறது.

3. முழுநிலவும் வாரமும்

திருவண்ணாமலையின் வணிகம் கிழமைக் கணக்கில் அடங்குவதன்று. ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வரும் பௌர்ணமி எக்கிழமையிலும் அமையலாம். அன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் மக்களே கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பெருவருவாய் தருபவர். கார்த்திகைத் தீபத் திருவிழா நாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு நாள் வட்டத்தில் இயங்கும் சட்டமும் நிலவின் வட்டத்தில் இயங்கும் கடைத்தெருவும் ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விடத்தில், ஊழியரின் விடுமுறையே முதலில் நகர்த்தப்படுவது. திருவிழாத் தேவையை அறியாததன்று சட்டம். திருவிழாக்காலத் தற்காலிகக் கடைகளுக்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டமே விலக்களித்துள்ளது. ஆனால் அவ்விலக்கை நிலையான கடைகள் தமக்குரியதாகக் கொள்ள இயலாது.

4. சுழற்சி விடுமுறை

2019 மே மாத அரசாணை, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட கடைகளும் நிறுவனங்களும் ஆண்டு முழுவதும் இரவுபகலாகத் திறந்திருக்க இசைவளித்தது. சுழற்சி முறையில் ஒவ்வொருவர்க்கும் வாரம் ஒருநாள் விடுமுறை தர வேண்டும் என்பதும், கூடுதல் நேரப் பதிவின்றி விடுமுறை நாளில் ஊழியர் வேலை செய்வது கண்டறியப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதும் அதன் நிபந்தனைகளுள் சில.

இங்கு நேர்ந்த மாற்றம் நுட்பமானது. முன்பு பூட்டிய கதவே விடுமுறைக்குச் சான்றாக இருந்தது. அழைப்பதற்கும் கடை திறந்திருக்கவில்லை. சுழற்சி முறையிலோ, ஒருவர் ஓய்ந்திருக்கும் நாளில் கடையும் மேலாளரும் சக ஊழியரும் இயங்கிக்கொண்டே இருப்பர். ஆகவே ‘வந்து போங்கள், ஒரு மணி நேரம்தான்’ என்னும் அழைப்பு எளிதாகிறது. அறிவிப்புப் பலகையின் இடத்தைக் கைப்பேசிச் செய்தி பிடித்துக்கொண்டது.

முடிவுரை

சட்டம் அளிப்பது எட்டு மணி நேர விடுப்பு அன்று, முழுநாள். வருகை கட்டாயமாக்கப்பட்ட கூட்டம் வேலையே ஆகும். அது நிகழும் நாள் முழுநாள் விடுமுறையாகாது. அந்நேரத்திற்கு இருமடங்கு கூலி தருவது கூடுதல் நேரத்திற்கான ஈடேயன்றி, இழந்த ஓய்வுநாளுக்கு மாற்றாகாது. வேறொரு முழுநாள் தரப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. மேலாண்மைப் பொறுப்பிலிருப்போர் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பிற்கு வெளியே நிற்பதால், இவ்வாதம் அவர்க்குப் பொருந்தாது. மற்றையோர்க்கு, அழைப்பு வந்த கைப்பேசிச் செய்தியே தொழிலாளர் துறை ஆய்வாளர் முன் வைக்கத்தக்க ஆவணம். பம்பாய்ச் சட்டம் 1948 இலேயே கூறிய தடையைத் தமிழ்நாட்டுச் சுழற்சி விடுமுறை நிபந்தனைகளிலும் வெளிப்படையாகச் சேர்ப்பது, பௌர்ணமிதோறும் விழித்திருக்கும் இந்நகரின் ஊழியர்க்கு உடனடிப் பயன் தரும்.