வழங்கியில் ஓடும் பதிப்பும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

தென்பெண்ணைக் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ‘மூங்கில்துறைப்பட்டு’ என்ற ஊரின் பெயரில் 10 எழுத்துகள் உள்ளன. யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 19. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 57 பைட்டுகள். இப்பெயரைச் சாதாரண மேற்கோள் குறிக்குள் இட்டு அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 தரும் விடை 57, பைத்தான் 3 தருவது 19. நிரல்வரியில் ஒரு புள்ளியும் மாறவில்லை. மாறியது அதை ஓட்டிய பதிப்புதான். ஆகவே இணையவழிக் கருவியால் தமிழ்ச் சொற்களை எண்ணி முடிவு சொல்லும் எந்த ஆய்வும், வழங்கியில் ஓடிய பதிப்பையும் தன் சான்றுகளுள் ஒன்றாகத் தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிஎச்பியில் சிக்கல் வேறு வகையானது. 2019 நவம்பரில் வெளிவந்த 7.4 பதிப்பு, சரத்தைக் குறியீடு குறியீடாகப் பிரிக்கும் வசதியைத் தந்தது. தமிழுக்கு அது போதாது. அவ்வாறு பிரித்து முதல் மூன்றை மட்டும் எடுத்தால் ‘மூங’ என்று நிற்கும்; ஙகரத்தின் புள்ளி அடுத்த துண்டாகிப் போயிருக்கும். எழுத்தைச் சிதைக்காமல் பிரிக்கும் செயற்கூறு 2024 நவம்பரில், 8.4 பதிப்பில்தான் வந்தது.

பதிப்பை எங்கே கேட்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கட்டளை முனையத்தில் கேட்டால் முனையத்துக்குரிய பதிப்பே தெரியும். இணையப் பக்கத்தை இயக்குவது வேறொரு நிறுவலாக இருக்கலாம். ஒரே கணினியில் பல பதிப்புகள் அருகருகே ஓடுவது வழக்கம். பதில் தலைப்பில் வரும் ‘எக்ஸ்-பவர்ட்-பை’ வரியையும் நம்ப முடியாது. அதை அமைப்பில் அணைத்துவிடலாம். இடையில் நிற்கும் பதிலி வழங்கி நீக்கவும் செய்யலாம். பக்கத்தை இயக்கும் அதே செயல்முறைக்குள்ளிருந்து பதிப்பெண்ணை அச்சிடச் செய்வதே உறுதியான வழி. முழு விவரம் காட்டும் ‘பிஎச்பிஇன்ஃபோ’ பக்கத்தை அதற்காகப் பொதுவெளியில் விட்டுவைக்கக் கூடாது. கோப்புப் பாதைகள் முதல் அமைப்பு விவரங்கள் வரை அது அந்நியருக்குத் திறந்துகாட்டிவிடும்.

பதிப்பெண் எதற்கு, வேண்டிய செயற்கூறு இருக்கிறதா என்று சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிஎச்பி 8.4 இருந்தும் ‘இன்ட்ல்’ நீட்சி நிறுவப்படாவிட்டால் அந்தச் செயற்கூறு கிடைக்காது. ரெட் ஹாட், டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்கே கொண்டுவந்து சேர்ப்பதால், எண்ணை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை எடைபோடவும் இயலாது. எனினும் இச்சோதனை நிரலாளருக்குத்தான் போதும். வேறொருவர் அதே எண்ணிக்கையை மீண்டும் பெற்றுச் சரிபார்க்க வேண்டுமானால் எந்தப் பதிப்பு ஓடியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பிஎச்பியைப் பொறுத்தவரை, அதன் அடியில் இயங்கும் ஐசியூ நூலகத்தின் பதிப்பையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். எழுத்தின் எல்லையை வகுப்பது அந்த நூலகம்தான். யூனிகோடு விதிப்படி அது ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகப் பிரிக்கிறது. அகராதிப் பணியில் அதை ஓரெழுத்தாகக் கொள்பவர் தம் விதியை நிரலில் தாமே எழுதிச் சேர்த்து, அதையும் கட்டுரையில் பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.