தோம்பில் அடங்காத விசுவாசம்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. கோட்டையோடு கோவில்களும் மாறின. போர்த்துக்கேயர் எழுப்பிய ஆலயங்களிலே புரட்டஸ்தாந்து போதகர் பிரசங்கம் செய்யலாயினர். கத்தோலிக்க குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்ற கட்டளையும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

ஆயினும், மதம் பரப்புவதில் ஒல்லாந்தக் கம்பனி வாளைவிட ஏட்டையே பெரிதும் நம்பியது எனலாம். ஞானஸ்நானம் பெற்றவனுக்கே உத்தியோகம். பாடசாலைத் தோம்பிலே பதிந்த விவாகமே சட்டப்படியான விவாகம். பதியாதோரின் பிள்ளைகளுக்கு முதுசக் காணி கிடைப்பதும் ஐயமே. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம். இந்நிலையில், குடும்பத்தின் காணியைக் காக்க விரும்பிய உழவன் என் செய்வான்? தோம்பிலே பெயரைக் கொடுத்தான். வீட்டிலே பழைய தெய்வத்துக்கு விளக்கேற்றினான். அவனை வேடதாரி என்று பழிப்பவர் உளர். நாம் அவ்வாறு பழிக்கத் துணியோம். வயிற்றையும் வழிபாட்டையும் ஒரே கயிற்றிற் கட்டிய ஆட்சியே அந்த வேடத்தைத் தைத்துக் கொடுத்தது.

தோம்புகளோ பெருத்தன. 1801 இல் இலங்கைப் புரட்டஸ்தாந்தரின் தொகை 3,42,000 க்கு மேற்பட்டது என்று எமர்சன் டெனன்ற் 1850 இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சியிலே பழைய கட்டாயம் தளர்ந்ததும், அப்பெருந்தொகை சில ஆண்டுகளுக்குள்ளேயே கரைந்து போயிற்று. ஏழை விதவையின் இரண்டு காசைச் செல்வரின் காணிக்கைக்கு மேலாக மதித்தவரின் பெயராலேயே இத்தனை கணக்கும் எழுதப்பட்டது!

கத்தோலிக்கரின் வரலாறும் தொடக்கத்திலே மாசற்றதன்று. போர்த்துக்கேயர் காலத்திற் சலுகைக்காகச் சேர்ந்தோர் பலர். 'தேசவழமை'யை 1707 இல் ஆராய்ந்து ஏற்ற முதலியார் பன்னிருவருட் பலருடைய பெயர்கள் 'தொன்' என்று தொடங்குவதைக் காண்கின்றோம். அப்பறங்கிப் பட்டத்துக்கும் அவர்தம் உள்ளத்துக்கும் எவ்வளவு தூரமோ, யாரறிவார்? ஆனால் 1658 இன் பின்னர்க் கத்தோலிக்கராய் இருப்பதால் எவ்வித இலாபமும் இல்லை, நட்டமே உண்டு. இலாபம் நீங்கிய பின்னும் எஞ்சி நின்றதையே நாம் பக்தி என்று கொள்ளலாம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்கள் குருவின்றி வாழ்ந்தனர். 1687 இல், கோவா நாட்டு யோசப் வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயிற்றுக் கடுப்பால் மெலிந்த அவர், கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்பர். மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகின்றது என்பதே அவர் தேடிய அடையாளம். தோம்பைப் புரட்டி அறிய முடியாததை வாசற்படியில் நின்று அறிந்தார். பின்னர்ச் சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்தது. பகலிலே தோட்டவேலை செய்தோர் இரவிலே பூசைக்குக் கூடினர்.

1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் யாழ்ப்பாணத்திலே கூடியிருந்தோர் பிடிபட்டனர், கசையடி பட்டனர், சிலர் விலங்குடன் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். அடிகளார் தப்பிப் புத்தளம் சென்று, 1692 இற் கண்டியை அடைந்தார். அங்கே ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். 1697 இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று பணி செய்தவரும் அவரே. 1711 சனவரி 16 இற் கண்டியிலேயே உயிர் நீத்தார்.

2015 சனவரி 14 இற் கொழும்பு காலிமுகத் திடலிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் எதுவென்பது இன்னும் தெரியவில்லை.